தொடை இடுக்குப் படையும் கடைக் களிம்பும்: ஒரு தோல் மருத்துவரின் பதில்

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 31 வயது இளைஞர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் சொன்னதன் சுருக்கம் இது. தொடை இடுக்கில் 8 மாதமாக அரிப்பு. ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டமாகத் தொடங்கியது. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைப் போட்டால் மூன்று நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாக வருகிறது. இப்போது தொடையின் உட்புறத்தில் சிவந்த கோடுகள் விழுந்திருக்கின்றன. விரைப்பையும் எரிகிறது. பயந்துபோய்க் கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் ஆண்குறியின் முனையைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னப் பொரிகள் இருப்பது கண்ணில் பட்டதாம். மனைவிக்கும் ஒரு மாதமாக இடுப்பில் அரிப்பு. “இது பால்வினை நோயா டாக்டர்? நான் எந்தத் தவறும் செய்யவில்லை. யாரிடம் காட்டுவது என்றும் தெரியவில்லை” என்று முடித்திருக்கிறார்.

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்திருப்பதில் பால்வினை நோய் என்று நினைக்கும்படியாக எனக்கு ஒன்றும் தென்படவில்லை. இடுக்கில் இருப்பது படர்தாமரை. கோடுகளும் எரிச்சலும் களிம்பு கொண்டுவந்தவை. முனையைச் சுற்றியிருப்பது அநேகமாக உங்கள் உடம்பின் இயல்பான அமைப்பு. மூன்றும் தனித்தனி விஷயங்கள். பயம் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டது. கண்ணால் பார்க்காமல் எந்தத் தோல் மருத்துவரும் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் நேரில் காட்டப் போகும் நாள்வரை நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்த டெல்டாவில் 30 ஆண்டுகளாகத் தோல் வைத்தியம் பார்க்கிறேன். மறைவிடத்து நோயால் மக்கள் பட்ட துன்பத்தைவிட, அதை மறைத்து வைத்ததால் பட்ட துன்பமே அதிகம் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பொரிகளை முதலில் முடித்துவிடலாம். ஆண்குறி முனையின் விளிம்பில், தோலின் நிறத்திலோ சற்று வெளுப்பாகவோ, ஒரே அளவில், கோத்து வைத்ததுபோல ஓரிரு வரிசையாக இருந்தால், அவை பருவ வயதில் பல ஆண்களுக்கு வருகிற சாதாரணப் பொரிகள். அரிக்காது, வலிக்காது, யாருக்கும் ஒட்டாது, வைத்தியம் தேவையில்லை. இவற்றை மரு என்று நினைத்து ஊசியால் குத்தியவர்களையும், சுண்ணாம்பு வைத்துப் பொசுக்கியவர்களையும் புண்ணோடு பார்த்திருக்கிறேன். இதே போலத் தண்டின் தோலிலும் பெண்களின் யோனி இதழ்களிலும் ரவை போல மஞ்சள் புள்ளிகள் தெரிவதுண்டு. அவை எண்ணெய்ச் சுரப்பிகள், அவ்வளவுதான். வயதானவர்களின் விரைப்பையில் கருஞ்சிவப்பாகக் கேழ்வரகு அளவில் புள்ளிகள் வரும். அவை விரிந்த ரத்தக் குழாய்கள். உரசினால் சற்று ரத்தம் கசியலாம், மற்றபடி ஆபத்தில்லை. விரைப்பையில் வெள்ளையாகக் கடினமான உருண்டைகள் இருந்தால் அவை பெரும்பாலும் தோலுக்கடியில் தேங்கிய கட்டிகள். அவற்றைப் பிதுக்கக் கூடாது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறைவிடத்துத் தோல் உடம்பின் மற்ற இடங்களைவிடக் கறுத்திருப்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இயற்கை. பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் அந்த இடத்து நிறமியைக் கூட்டுகின்றன. பிள்ளைப்பேற்றுக் காலத்தில் இன்னும் கூடும். கல்யாணம் நிச்சயமான பெண் பிள்ளைகள் இதற்காக வெளுக்க வைக்கும் களிம்பு கேட்டு வரும்போது எனக்கு மனம் வலிக்கிறது. அங்கே கழுவிப் போக்க வேண்டிய அழுக்கு எதுவும் இல்லை. ஒரேயொரு கறுப்பை மட்டும் நான் சும்மா விடுவதில்லை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு மூன்றிலும் தோல் தடித்து வெல்வெட் போலக் கறுத்தால், உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை என்பதற்கு அது அடையாளம். அதற்குக் களிம்பு தேவையில்லை. சர்க்கரைப் பரிசோதனையும் எடைக் குறைப்பும்தான் தேவை.

இனி படர்தாமரை. இது ஒரு பூஞ்சை. தோலின் மேல் அடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்கிறது. வெப்பமும் ஈரமும் காற்று புகாத மடிப்பும் இருந்தால் போதும், வேறு எதுவும் அதற்கு வேண்டாம். அந்த மூன்றுக்கும் நம் ஊரில் பஞ்சமே இல்லை. குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்று நடுகிற பெண்கள் காலையில் சேற்றில் இறங்கினால் சேலையைத் தூக்கிச் செருகி, நனைந்த துணியோடு மதியம்வரை நிற்கிறார்கள். ஆண்கள் வாய்க்காலில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வீடுவரை நடக்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் உள்ளாடை இரண்டு நாளானாலும் காய்வதில்லை. அரை ஈரத்திலேயே போட்டுக்கொள்கிறோம். அதற்கு மேல் இறுக்கமான ஜீன்ஸ், நைலான் கலந்த உள்ளாடை. வட்டத்தின் விளிம்பு தடித்துச் சிவந்து செதிலோடு வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். நடுப்பகுதி ஆறியதுபோலத் தெரியும். படர்தாமரை என்று பெயர் வைத்தவர்கள் கூர்ந்து பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் பூஞ்சையைவிட எனக்குக் கவலை தருவது அந்தக் களிம்புதான். குழாயின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மருந்துகளின் பெயர்கள் இருக்கும், படித்துப் பாருங்கள். க்ளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கடைகளில் கைக்கு வருகிற கலவைக் களிம்புகள் பலவற்றில் ஒரு ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து என்று எல்லாமே சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு என்ன செய்கிறது? அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு நடத்தும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. உங்களுக்கு அரிப்பு நின்றதுபோல இருக்கும். பூஞ்சையோ தடுப்பாரின்றிப் பரவும். நிறுத்தியவுடன் உடம்பு விழித்துக்கொள்ளும், அப்போது நோய் இரண்டு மடங்காகக் கண்ணில் தெரியும். மூன்று நாளில் அடங்கி, விட்டால் பெரிதாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான். நாளாக ஆக வட்டமும் விளிம்பும் கலைந்து, அனுபவமுள்ள மருத்துவரே ஒரு கணம் தடுமாறும்படி உருமாறிவிடும்.

விரைப்பை ஏன் எரிகிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. உடம்பின் எல்லா இடத்துத் தோலும் மருந்தை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. 1967இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை உடம்பின் பல இடங்களில் தடவி அளந்து பார்த்தார்கள். முன்கைத் தோலைவிட விரைப்பைத் தோல் ஏறக்குறைய 42 மடங்கு உறிஞ்சியது. அவ்வளவு மெல்லிய தோலில் 8 மாதம் ஸ்டீராய்டு தடவினால் தோல் நைந்து, சிவந்து, வெயில் பட்டாலும் வியர்வை பட்டாலும் எரியும். தொடையின் கோடுகள், பிள்ளை பெற்றவர்கள் வயிற்றில் விழும் வரிகளைப் போலத் தோலின் அடி இழைகள் அறுந்து உண்டானவை. சிவப்பு நாளடைவில் வெளுக்கும், ஆனால் கோடு முழுதாக மறையாது. இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இப்போது நிறுத்தினால் மேலும் விழாமல் தடுக்கலாம்.

இப்படிப்பட்ட களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசே விதியை இறுக்கியது. இருந்தும் விற்பனை நடக்கிறது. கடைக்காரர் மேல் எல்லாப் பழியையும் போட நான் தயாரில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டக்கூட முடியாத கூச்சத்தில் ஒருவர் “அரிப்புக்கு ஒரு டியூப்” என்று கிசுகிசுத்தால், அவர் நோயைப் பார்க்காமல்தான் கொடுக்கிறார். பார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். எங்கள் வாசலுக்கு வராமல் உங்களைத் தடுத்தது எது என்பதை நாங்களும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் தோல் பிரிவும் பால்வினை நோய்ப் பிரிவும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே பெயர்ப் பலகையின் கீழ் இருப்பதுண்டு. அந்தப் பலகையைப் படித்துவிட்டு, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

படர்தாமரைக்குச் சரியான வைத்தியம் எப்படி இருக்கும் என்று கேட்டால், அது பொறுமை கேட்கிற வைத்தியம். முதலில் விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்போம். பூஞ்சை இருந்தால் கிளைவிட்ட நூல்போல அங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பு. உங்களைப் போலப் பரவியவர்களுக்கு அதோடு மாத்திரையும் வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை வாரம் என்பதை உங்கள் ஈரலின் நிலையையும் நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டெர்பினாஃபின் என்ற மருந்துக்கு இணங்காத பூஞ்சை வகை இந்தியாவில் பரவியிருப்பதால், முன்பு இரண்டு வாரத்தில் அடங்கிய நோய்க்கு இப்போது மாதக்கணக்கில் மருந்து தர வேண்டியிருக்கிறது. களிம்பை வட்டத்தின் மேல் மட்டும் போட்டால் போதாது; விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குப் போட வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசி இரண்டு வாரத்தில்தான்.

மருந்துக்குச் சமமாக முக்கியமானவை சில வீட்டு ஒழுங்குகள். ஆளுக்கொரு துண்டு. கைலி, உள்ளாடை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். மழை நாளில் இஸ்திரி போட்டாவது ஈரத்தைப் போக்க வேண்டும். இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் இன்றே அறுத்து எறியுங்கள். எந்நேரமும் ஈரமாகத் தோலோடு ஒட்டிக் கிடக்கும் அந்தக் கயிறு பூஞ்சைக்கு நிரந்தர வீடு. குழந்தைக்குச் சடங்குக்காகக் கட்டியது என்றால், நோய் ஆறிய பிறகு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். மனைவிக்கும் அதே நாளில் வைத்தியம் தொடங்க வேண்டும். அவருக்கு வந்தது உங்களிடமிருந்து துண்டு வழியாகவோ படுக்கை வழியாகவோ வந்த படைதான். அதில் சந்தேகப்படவோ குற்றம் சாட்டவோ இருவருக்கும் ஒன்றுமில்லை.

கை வைத்தியத்தைப் பற்றியும் கேட்பீர்கள், கேட்காதவர் இல்லை. சீமை அகத்தி இலையை அரைத்துப் படைக்குப் போடுவது நம் பக்கத்தில் நெடுநாளைய வழக்கம். அந்த இலையில் பூஞ்சையைத் தாக்கும் சத்து இருப்பது உண்மை. முதுகிலோ காலிலோ போட்டால் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால் மேல்தோலை உரித்தெடுக்கும் சக்தியும் அதற்கு உண்டு. இடுக்கிலும் விரைப்பையிலும் போட்டால் வெந்துபோகும். பூவரசங்காய்ப் பாலுக்கும் குப்பைமேனியில் உப்பு வைத்து அரைப்பதற்கும் இதுவே பதில். நீர் கலக்காத டெட்டால், எலுமிச்சைச் சாறு, மண்ணெண்ணெய் ஆகிய மூன்றையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், மறைவிடத்தில் வைக்காதீர்கள். இரவில் அரிப்புத் தாங்கவில்லையென்றால் குளிர்ந்த நீரில் நனைத்த பருத்தித் துணியைப் பத்து நிமிடம் வைத்தெடுத்து, நன்றாக உலர்த்திவிட்டுக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

அரிப்பு இரவில்தான் அதிகம், விரலிடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் கூட அரிக்கிறது, வீட்டில் குழந்தைகளும் சொறிகிறார்கள் என்றால் கதை வேறு. அது சிரங்குப் பூச்சி. ஆண்குறியிலும் விரைப்பையிலும் துவரம்பருப்பு அளவில் கெட்டியான, கடுமையாக அரிக்கும் முடிச்சுகள் இருந்தால் அநேகமாக அதுதான். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால்வரை ஓர் இடம் விடாமல் இரவில் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் பூசிக்கொள்ளாவிட்டால் பலன் இல்லை. பூச்சி செத்த பிறகும் முடிச்சுகள் சில வாரம் அரிக்கும். மருந்து கேட்கவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பூச வேண்டாம்.

நாற்பது தாண்டிய ஆண்கள் என்னிடம் அதிகம் கொண்டுவருவது முன்தோல் வெடிப்பு. முன்தோலின் நுனியில் கீறல் கீறலாக வெடித்து, பின்னுக்கு இழுத்தால் ரத்தம் கசியும். உள்ளே தயிர்போல வெள்ளை படிந்திருக்கும். “சூடு பிடித்துவிட்டது” என்று இளநீர் குடித்துக்கொண்டே வருவார்கள். சர்க்கரை அளவைப் பார்த்தால் பலருக்கு முந்நூறைத் தாண்டியிருக்கும். சர்க்கரை நோய் இருப்பதே இந்த வெடிப்பு வழியாகத்தான் அவர்களுக்கு முதலில் தெரியவருகிறது. பெண்களுக்கு அடிக்கடி வரும் வெள்ளைப்படுதலும் அரிப்பும் இதே கதையின் மறுபாதி. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. நல்ல மருந்துகள், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்பவை. ஆனால் சிறுநீரில் சர்க்கரை போவதால் அந்த இடத்தில் பூஞ்சை எளிதில் வளரும். ஒவ்வொரு முறையும் நீரால் கழுவித் துடைத்து உலர்த்தினாலே பாதித் தொல்லை குறையும். தொல்லை தொடர்ந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, குடும்பங்களையே உடைக்கிற ஒரு நோய், அதை விரிவாகச் சொல்லாமல் விட முடியவில்லை. கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வந்தார். ஆண்குறி முனையில் புண். இரண்டு ஆண்டுக்குள் மூன்றாவது முறை, அதே இடம். முதல் தடவையே மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது தடவை அவர் பிறந்த வீட்டுக்கே போய்விட்டார். எடுத்த ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சுத்தம். நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: புண் வருவதற்கு முதல் நாள் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்? யோசித்துப் பார்த்தார். மூன்று முறையும் வயிற்றுப்போக்கு, மூன்று முறையும் கடையில் வாங்கிய அதே மாத்திரை. சிலருடைய உடம்புக்குச் சில மருந்துகள் ஒத்துக்கொள்வதில்லை. அந்த ஒவ்வாமை, தோலில் ஒரு குறிப்பிட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, மருந்து உள்ளே போன சில மணி நேரத்தில் அங்கேயே மறுபடி வெடிக்கிறது. அந்த இடத்தில் தங்கிவிட்ட தற்காப்பு அணுக்கள்தான் இதற்குக் காரணம். உதடும் ஆண்குறி முனையும் அதற்குப் பிடித்த இடங்கள். வலிநிவாரணிகள், சல்ஃபா கலந்த மாத்திரைகள், வயிற்றுப்போக்குக்குத் தரும் கலவை மாத்திரைகள் இதில் அடிக்கடி மாட்டுபவை. ஆறினால் கருநீலமாக ஒரு தழும்பு நிற்கும். அதுவே இந்நோயின் கையெழுத்து. அந்த மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாமியார் வீட்டுக்குத் தொலைபேசியில் நானே பேசினேன். மறுவாரம் மனைவியும் அவரோடு வந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

பால்வினை நோய்களைப் பற்றி நேராகவே பேசுவோம். வலிக்காத, அடி கெட்டியான ஒற்றைப் புண், கூடவே இடுக்கில் நெறி கட்டியிருந்தால் சிஃபிலிஸ் என்று சந்தேகிக்க வேண்டும். உறவு நடந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் வரும். சில வாரங்களில் தானே ஆறிவிடும். இதில் பயங்கரமே அந்த ஆறுதல்தான். புண் மறைந்தாலும் கிருமி உள்ளே போய் ஆண்டுக்கணக்கில் தங்கும். கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்கும் போகும். ஆரம்பத்தில் பிடித்தால் பென்சிலின் ஊசியிலேயே குணமாகிவிடும். கொத்தாகக் கொப்புளம், சுரீரென்ற வலி, உடைந்து புண்ணாகி ஆறி, சில மாதம் கழித்து மறுபடியும் வருவது அக்கிக் குடும்பத்து வைரஸ். சேவல் கொண்டைபோலக் கொத்தாக, ஒரே அடியிலிருந்து கிளைத்து வளர்வது மரு. நடுவில் குழி விழுந்த முத்துப்போன்ற பொரி வேறொரு வைரஸ். குழந்தைகளுக்கு உடம்பில் சாதாரணமாக வரும், பெரியவர்களுக்கு மறைவிடத்தில் வந்தால் நெருக்கத்தால் வந்திருக்கலாம். இவற்றில் எது என்று சந்தேகம் இருந்தாலும் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாக ரத்தம் பார்த்துக்கொள்ளலாம். முடிவு உங்களுக்கு மட்டும்தான் சொல்லப்படும். பேசித் தெளிவுபெற 1097 என்ற எண் இருக்கிறது. பஸ் நிலையச் சுவர்களில் ரகசிய நோய்க்கு லாட்ஜில் வைத்தியம் என்று ஒட்டுகிறவர்களிடம் பணத்தையும் மாதங்களையும் இழந்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ இருந்தால் இந்தப் பகுதியை அவர்களுக்குப் படித்துக் காட்ட ஒரு பெண்ணிடம் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு யோனியைச் சுற்றித் தோல் வெளுத்து, சிகரெட் தாள்போல மெலிந்து சுருங்கி, இரவும் பகலும் அரிக்கும் ஒரு நோய் உண்டு. பருவமடையாத சிறுமிகளுக்கும் வரும். தொற்று அல்ல, சுத்தக்குறைவும் அல்ல. மன்னார்குடி பக்கத்திலிருந்து 62 வயது அம்மா ஒருவர் வந்தார். பத்து ஆண்டாக இதை வெள்ளைப்படுதல் என்று நினைத்து மகளிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். இதழ்கள் ஒட்டிச் சுருங்கிச் சிறுநீர் கழிக்கவே வலி. ஆரம்பத்தில் வந்திருந்தால் அந்தச் சுருக்கம் வந்திருக்காது. இதற்கு முதல் மருந்து என்ன தெரியுமா? மேலே நான் அவ்வளவு எச்சரித்த அதே க்ளோபீட்டாசால். அளந்து, நாள் குறித்து, மருத்துவர் பார்வையில் போட்டால் அதுதான் இங்கே தோலைக் காப்பாற்றுகிறது. கவனிக்காமல் விட்டால் சிறு பங்கினருக்குப் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு இருப்பதால், ஆறின பிறகும் ஆண்டுக்கொருமுறை காட்ட வேண்டும். ஆண்களுக்கும் இது வரும். முன்தோல் வெளுத்து இறுகிப் பின்னுக்குப் போகாமல் போகும்.

தோலின் தன்மை மாறாமல், சுருங்காமல், அரிக்காமல் நிறம் மட்டும் பால்போல வெளுத்தால் அது வெண்புள்ளி. குஷ்டத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, யாருக்கும் தொற்றாது.

டெல்டாவில் இருந்துகொண்டு யானைக்கால் நோயைச் சொல்லாமல் இருக்க முடியாது. கும்பகோணத்தின் பெயரோடு அந்த நோயைச் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு ஒரு காலத்தில் இங்கே அது மலிந்திருந்தது. சாக்கடை நீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் புழு நிணநீர்க் குழாய்களை அடைக்கிறது. காலில் மட்டும் என்று நினைக்கிறார்கள். ஆண்களுக்கு விரைப்பையில் நீர் கோத்து வீங்குவதும், தோல் தடித்து மடிப்பு மடிப்பாவதும், நிணநீர் கசிவதும் அதே நோயால்தான். ஆண்டுதோறும் வீடு வீடாக மாத்திரை கொடுத்ததால் புதிய நோயாளிகள் வெகுவாகக் குறைந்திருக்கிறார்கள். பழைய நோயாளிகள் இன்னும் தளர்ந்த வேட்டிக்குள் வீக்கத்தை மறைத்துக்கொண்டு கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீர் கோத்த வீக்கத்தை அறுவை சிகிச்சையில் சரிசெய்ய முடியும். தோல் தடித்தவர்கள் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, மடிப்புகளை உலர்த்தி, சின்ன வெடிப்பையும் ஆற்றிக்கொண்டால் குளிர்காய்ச்சலோடு வரும் திடீர் வீக்கங்களைப் பெரிதும் தவிர்க்கலாம்.

எவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது? மூன்று வாரமாகியும் ஆறாத புண், வளர்ந்துகொண்டே போகும் தடிப்பு, தொட்டால் ரத்தம் வரும் கட்டி, முன்தோலுக்கடியிலிருந்து துர்நாற்றத்தோடு கசிவு ஆகியவை இருந்தால் சதைப் பரிசோதனை செய்து புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். தொடக்கத்தில் என்றால் சிறிய அறுவையோடு முடியும். தள்ளிப்போட்டு உறுப்பையே இழந்தவர்களைத் தஞ்சாவூரில் படித்த காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். சர்க்கரை நோயாளிக்கு மறைவிடத்தில் திடீரென்று தாங்க முடியாத வலி, வேகமாகப் பரவும் வீக்கம், தோல் கறுத்தல், காய்ச்சல் வந்தால் அது நள்ளிரவானாலும் 108ஐ அழைக்க வேண்டிய அவசரம். மாத்திரை சாப்பிட்ட பிறகு மறைவிடத்தோடு வாய், கண் எல்லாம் புண்ணானால் அதுவும் அப்படித்தான்.

இப்போது உங்களுக்கு, தம்பி. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். தோல் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள், அவருக்குக் கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவர் பார்க்கட்டும் என்று கேட்கலாம், அது அவருடைய உரிமை. ஸ்டீராய்டை நிறுத்திய சில நாளில் எரிச்சலும் சிவப்பும் ஒரு தடவை பொங்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி தடவிவிடாமல் இருக்க, இந்த வாரமே போவது நல்லது. போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து எந்தக் களிம்பும் பவுடரும் வேண்டாம். இல்லையென்றால் சுரண்டிப் பார்க்கும்போது பூஞ்சை அகப்படாமல் போகலாம். முடியைச் சிரைக்கவும் வேண்டாம். உள்ளே போனதும் “தொடை இடுக்கில் படை, 8 மாதமாகக் களிம்பு போட்டேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்; அதைச் சொல்லும்வரைதான் கூச்சம் இருக்கும், அந்த அறையில் தினமும் எத்தனையோ பேர் அதையேதான் சொல்கிறார்கள். இதுவரை வாங்கிய டியூப்கள் காலியாகியிருந்தாலும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் படிக்க வேண்டியது அவற்றின் பின்பக்கத்தைத்தான்.